தியாகலிங்கம், பி.

அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் காலைப் படகில் பிரியவதனியைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியும் என்றால் மனேச்சரின் மகளாகத் தெரியும். ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த தியாகலிங்கத்தாரின் மூத்த பெண். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நாற்பதைத் தொட்டும் கலியாணம் சரிவரவில்லை. கடல் தண்ணீர் தெறிக்காமல் மடிக்கணினியைப் பொலித்தீனால் சுற்றி மடியில் வைத்திருப்பவள். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். அந்தக் கணினிக்குள் என்ன செய்கிறாள் என்று ஊர் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லி விளங்கப்படுத்தக்கூடிய வேலை இல்லை அது.

யாழ்ப்பாணத்தில் படித்த மனிதர்கள் சிலருக்கு மட்டும் அவள் 'றெஃபரன்ஸ் அக்கா'. அவர்கள் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள். கட்டுரையின் கடைசியில், எந்த எந்த நூலிலிருந்து எதை எடுத்தோம் என்று காட்டும் உசாத்துணைப் பட்டியல் ஒன்று இருக்கவேண்டும். அங்கேதான் படித்த மனிதர்களின் குடுமி கலையும். உள்ளே பத்துத் தடவை பெயர் சொன்ன ஆளைப் பட்டியலில் காணக் கிடைக்காது. பட்டியலில் கதிரை போட்டு இருத்தியிருக்கும் ஆள் கட்டுரைக்குள் எட்டியும் பார்த்திருக்க மாட்டார். ஒருவர் 'நன்றி: இணையம்' என்று ஒரே வரியில் காரியத்தை முடித்திருந்தார். அவர் இப்போது பல்கலைக்கழகத்தில் பீடாதிபதி.

இந்தக் குப்பையை 'சின்ன வேலைதான் அக்கா' என்று அனுப்பிவைப்பார்கள். ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒவ்வோர் ஆசாரம். ஒன்றுக்கு ஆண்டு அடைப்புக்குள் வேண்டும், மற்றதற்கு அடைப்பு ஆகாது. ஒன்றுக்கு நூலின் பெயரைச் சரித்து எழுதவேண்டும், இன்னொன்றுக்குத் தொகுதி எண்ணையும் சேர்த்துச் சரிக்கவேண்டும். கோயிலில் பூசை முறை தெரிந்த ஐயரைப் போலப் பிரியவதனிக்கு எல்லாம் அத்துப்படி. மூல நூலைத் தேடிப் பிடித்து, ஆண்டையும் பக்கத்தையும் ஒப்பிட்டு, பிழையான காற்புள்ளியைக் கண்டால் கல்லுக் கடித்தவளைப் போல முகம் சுளித்து, திருத்தி அனுப்புவாள். கட்டுரை அச்சாகும். நன்றியுரையில் மனைவி பிள்ளைகள், மேசை துடைத்தவர் எல்லாம் இருப்பார்கள். றெஃபரன்ஸ் அக்கா இருக்க மாட்டாள்.

அதெல்லாம் மென்பொருளே செய்யுமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யும். ஆனால் மென்பொருளுக்கு நம்முடைய ஆட்களின் பெயர் விளங்காது. அதைச் செய்தவர்களின் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர். அது கடைசியில் நிற்கும். பட்டியலில் அதைத் தூக்கி முன்னால் வைத்து, சொந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கவேண்டும் என்பது சட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? தன் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று. வெளிநாட்டுக்காரனுக்கு விளங்கவேண்டும் என்று தகப்பன் பெயரைக் கடைசியில் எழுதினால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். நம்மவர்கள் எழுதிய பட்டியல்களைப் பார்த்தால் தெரியும். இரவு பகலாகப் படித்து எழுதியவர்கள் ஓரெழுத்தாகி ஓரத்தில் ஒதுங்க, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தகப்பன்மார் எல்லாம் முன்வரிசையில் ஆய்வாளர்களாக நிற்பார்கள். பிரியவதனி இதைச் சொல்லிச் சிரிப்பாள். தனக்கு வரும்வரை சிரித்தாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் புவியியல் படித்தாள். கடைசி வருடம் ஆளுக்கு ஓர் ஆய்வேடு எழுதவேண்டும் என்றபோது மற்றவர்கள் நூலகத்தில் இருந்து எழுதக்கூடிய தலைப்பாகப் பார்த்து எடுத்தார்கள். இவள் தன் தீவின் கிணறுகளை எடுத்தாள். எந்தக் கிணறு நன்னீர், எது உவராகிக்கொண்டு வருகிறது, மாரியில் எப்படி, கோடையில் எப்படி என்று வருடம் முழுக்க அளக்கிற வேலை. துறையில் இரவல் வாங்கிய கருவியோடும், கழுவிக் காயவைத்த சோடாப் போத்தல்களோடும் வளவு வளவாகப் போனாள். நாய் துரத்தியது. "எங்கட கிணறு உப்பெண்டு எழுதிப்போட்டியெண்டால் நாளைக்குக் காணியை ஆர் பிள்ளை வாங்குவான்?" என்று சிலர் படலையிலேயே மறித்தார்கள். அவர்களோடு கதைத்துச் சமாளித்து, துலாவைப் பிடித்துத் தானே அள்ளினாள்.

ஊரைச் சமாளித்தாள். வீட்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"குமர்ப்பிள்ளை ஊர்க் கிணறெல்லாம் எட்டிப் பாத்துக்கொண்டு திரியிறதோ? என்ர மரியாதை என்னாகிறது?" என்றார் தியாகலிங்கத்தார். சொன்னதோடு நிற்கவில்லை. அவளுடைய சைக்கிளைச் சங்கிலியால் தூணோடு பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். அவள் நடந்து போய் அளந்தாள். அந்தக் கோடையில் அவளுடைய கால் வெடித்து இரத்தம் வந்ததை அம்மா இராசமணி மட்டும்தான் கண்டாள். கண்டு நல்லெண்ணெய் பூசிவிட்டாள். அதற்கு மேல் எதிர்த்துக் கதைக்க அம்மாவுக்குப் பழக்கம் இல்லை.

ஆய்வேடு கட்டுகிற நேரம் வந்தது. முகப்பில் 'தி. பிரியவதனி' என்று போட்டிருந்தாள். அதுவரை திரும்பிப் பார்க்காத தகப்பனார் அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த மாதம்தான் தம்பி தேனுஜன் கனடாவுக்குப் போய் இறங்கியிருந்தான். அவனுடைய கடவுச்சீட்டில் 'தேனுஜன் தியாகலிங்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது அவருக்குப் பெரிய எடுப்பாகத் தெரிந்திருந்தது.

"இதென்ன, ஒற்றை எழுத்தில என்னைக் கொண்டுபோய் மூலைக்கை விட்டிருக்கிறாய்? தம்பியின்ரையைப் பார். வெள்ளைக்காரன் மதிக்கிறமாதிரி, கடைசியில தகப்பன்ர பேர் முழுசா நிக்கவேணும்."

ஒரு பெயர்தானே என்று அவள் மாற்றினாள். இரத்தச் சிவப்பு அட்டையில் பொன்னெழுத்தில், கீழே ஆங்கிலத்தில், பிரியவதனி தியாகலிங்கம் என்று பதிந்து வந்தது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் உள்ளே ஒரு பக்கத்தையும் புரட்டாமல் திருப்பிக் கொடுத்தார்.

பரீட்சை முடிவு ஒட்டியபோது அவள் பெயர் முதலாவதாக இருந்தது. அடுத்த வரியில் றஜீபன். அவளுடைய குறிப்புகளைப் பிரதியெடுத்துப் படித்தவன், நல்ல பெடியன், சிரித்த முகம். தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி இருவரையும் துறையில் கேட்டார்கள். "ஒரு குமரை டவுனில தனிய விட்டுட்டு நான் இஞ்ச நித்திரை கொள்ளுறதோ?" என்று தியாகலிங்கத்தார் கேட்டார். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. நேர்முகத்துக்கு றஜீபன் மட்டும் போனான். இப்போது கலாநிதி றஜீபன், சிரேஷ்ட விரிவுரையாளர்.

படிக்கும் காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் சம மரியாதையோடு 'நீர்' என்றுதான் கதைத்தார்கள். எந்த நாளில் அவன் 'சேர்' ஆனான் என்று பிரியவதனிக்கு நினைவில்லை. இவள் ஒருநாள் தொலைபேசியில் வாய்தவறியதுபோல 'சேர்' என்றாள். 'சும்மா இரும், எனக்கென்ன சேர்' என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் சேர், இவள் நீர்.

போன வருடம் ஒருநாள் மத்தியானம் அவர்தான் அழைத்தார்.

"பிரியவதனி, உமக்கொரு சந்தோசமான விசயம். தீவுக் கிணறுகளைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருத்தரோட சேர்ந்து எழுதியிருக்கிறன். பெரிய ஆய்விதழ். உம்மட தீசிஸ்தான் அதுக்கு அடி. பழைய அளவுகள் வேற ஒருத்தரிட்டயும் இல்லை."

கேட்கக் கூசிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப சேர், எழுதினாக்களின்ர வரிசையில என்ர பேரும்..."

"அது ஏலாது. அதெல்லாம் புரொஜெக்ட்காரர் முதலே முடிவெடுத்திட்டினம். ஆனா உள்ளுக்கை பக்கத்துக்குப் பக்கம் உம்மட பேரைச் சொல்லித்தான் சைட் பண்ணியிருக்கிறம். அதைவிட வேற என்ன வேணும்? றெஃபரன்சை மட்டும் நீரே ஒருக்காப் பாத்து விடும். உம்மட கை பட்டால்தான் எனக்கு நிம்மதி."

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதை. அவளுடைய நெய்யை எடுத்து, அவளுக்கே ஒரு சொட்டு விட்டு, அதையும் அவளையே பரிமாறச் சொன்னார். அது அவளுக்கு விளங்காமல் இல்லை. என்றாலும் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அவ்வளவு காய்ந்துபோய் இருந்தாள். மற்றவர்களின் பெயர்களுக்கெல்லாம் காற்புள்ளி வைத்துக் காலத்தைப் போக்கியவள். தன் பெயர் ஒருதரம், ஒரே ஒருதரம் அச்சில் அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

பின்னேரப் படகுக்குக் காத்திருக்கும் கொட்டகையில் இருந்து கட்டுரையைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே தியாகலிங்கம் வந்தார்.

'தியாகலிங்கம் தனது முன்னோடி ஆய்வில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் தியாகலிங்கம் வீடு வீடாகச் சென்று நீர் மாதிரி எடுத்தார். அடுத்ததில் மக்களின் சந்தேகத்தைப் பொறுமையாகத் தீர்த்தார். சுடுகிற கோடையிலும் அவர் ஓயவில்லை. எல்லா இடமும் 'அவன்', 'அவனுடைய' என்றே ஆங்கிலச் சொற்கள் போட்டிருந்தன. பேராசிரியர் பெயரைக் கண்டு ஆண் என்று முடிவுகட்டி எழுதியிருந்தார். சைக்கிளைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிய மனிதர் கட்டுரை முழுக்கப் போத்தலும் கையுமாக நடந்துகொண்டிருந்தார்.

பிரியவதனி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் மீன்பெட்டியோடு இருந்த மனிசி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு படகு வரும்வரை வேலை செய்தாள்.

அவள் செய்தது பிழையென்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்ப் பெயர்களில் ஆளின் சொந்தப் பெயரையே முன்னால் வைக்கலாம், ஆள் அப்படி விரும்பினால். இங்கே ஆள் விரும்பினாள். கட்டுரைக்குள் இருந்த தியாகலிங்கங்களை எல்லாம் ஒரே பொத்தானில் பிரியவதனியாக மாற்றினாள். 'அவன்' இருந்த இடமெல்லாம் தேடி 'அவள்' ஆக்கினாள். பட்டியலில் 'பிரியவதனி, தி.' என்று எழுதி அகரவரிசைப்படி அடுக்கினாள். ஆங்கிலத்தில் P-க்குப் பின்னால்தான் R. பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் நின்ற மாதிரியே, அவள் பெயர் பட்டியலில் இருந்த றஜீபனின் முன்னைய கட்டுரைக்கு ஒரு வரி மேலே வந்து நின்றது. அன்றைக்குப் படகில் வரும்போது பொலித்தீன் பையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டாம் நாள் சேர் அழைத்தார்.

"நீர் கட்டுரைக்குள்ளயும் கை வச்சிட்டீர் போல கிடக்கு?"

"ஓம் சேர். அது நான்தானே. அப்பா இல்லையே."

"விளங்குது. ஆனா அது பேராசிரியர் பாத்து முடிச்ச கொப்பி. இனி அவரிட்டப் போய் அது அவன் இல்லை, அவள் எண்டு நான் சொல்லிக்கொண்டு நிக்கேலாது. பிறகு மிச்சத்திலயும் அவருக்குச் சந்தேகம் வரும். நான் அவற்ர கொப்பியைத்தான் அனுப்பப் போறன். நீர் பட்டியலை அதுக்கேத்தமாதிரி மாத்தித் தாரும்."

"சேர், தமிழ் ஆக்களின்ர பேரை அப்பிடிப் போடலாம். உங்கட பேரை நீங்களும் அப்பிடித்தானே போட்டிருக்கிறியள்? உங்கட அப்பாவின்ர பேர் ஒரு இடமும் இல்லையே."



"நான் முதல் கட்டுரையிலேயே விவரமா அப்பிடிப் பதிஞ்சிட்டன். உம்மட அட்டையில என்ன கிடக்கு? கடைசியில தியாகலிங்கம். ஆய்விதழ்க்காரர் அட்டையைப் பாத்துத்தான் சரி பிழை சொல்லுவினம். கட்டுரை திரும்பி வந்தால் ஆர் பொறுப்பு? நீர் விதி தெரிஞ்ச ஆள். உமக்கு நான் சொல்லவேணுமே?"

அட்டையில் அப்படித்தான் இருந்தது. அவளே போய் நின்று பதிப்பித்தது. ஒரு பெயர்தானே என்று அன்றைக்கு விட்டாள், அது இன்றைக்கு வந்து கழுத்தைப் பிடித்தது. ஒரே பொத்தானில் 'தியாகலிங்கம், பி.' ஆனாள். பட்டியல் தானாக அடுக்கிக்கொண்டது. றஜீபனுக்கு மேலே நின்ற வரி வழுக்கிக்கொண்டு போய் அவருக்குக் கீழே, எங்கேயோ கடைசியில் விழுந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவர்கள் இருவரையும், தகப்பனையும் சேரையும், நோக அவளுக்குத் துணிவு இல்லை. அன்று பின்னேரம் கணினியை மூடிய வேகத்தில் அதன் மூலை வெடித்துவிட்டது.

கட்டுரை அச்சானது. அத்தோடு போயிருந்தால் அது அவளுக்குள்ளேயே புதைந்திருக்கும். பேராசிரியர் ஊருக்கு வந்தார்.

ஆய்வு முடிவுகளை மக்களுக்குச் சொல்லவேண்டும் என்று அனலைதீவுப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒழுங்கு செய்யும் வேலை செயலகத்தின் தலையில் விழுந்தது. செயலகத்தில் ஊர் ஆள் யார் என்று பார்த்ததில் அது பிரியவதனியின் தலையில் விழுந்தது. கதிரை அடுக்கினாள், ஒலிவாங்கிக்கு ஆள் பிடித்தாள், வடைக்குச் சொன்னாள். முதல் நாள் பின்னேரம் றஜீபன் சேர் அழைத்து, "அப்பாவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். பேராசிரியர் சந்திக்க விரும்புறார்" என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். "பெரியாக்கள் வாறது மரியாதைதானே" என்று வைத்துவிட்டார்.

தியாகலிங்கத்தார் கஞ்சி போட்ட வேட்டி, சால்வையோடு எல்லாருக்கும் முதல் போய் முன்வரிசையில் இருந்தார். பந்திக்கு முந்து என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. பேராசிரியர் நெடிய, வெயிலில் சிவந்துபோன மனிதர். மேடையில் ஏறியதும், இந்தத் தீவில் எனக்கு முன்னால் இந்த வேலையைத் தனியாளாகச் செய்த ஒருவர் இருக்கிறார், அவர் உயிரோடு இருப்பதை அறிந்து மகிழ்கிறேன், அவரை வணங்காமல் நான் பேசத் தொடங்க மாட்டேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆளைத்தான் பிழையாகப் பிடித்திருந்தார்.

"என்னவாம்?" என்று தியாகலிங்கத்தார் றஜீபனைக் கேட்டார்.

"கிணறுகளைப் பற்றின உங்கட ஆய்வு இல்லாட்டி இந்தக் கட்டுரையே இல்லையாம், ஐயா."

தேத்தண்ணித் தட்டோடு சுவரோரம் நின்ற பிரியவதனி, தகப்பனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒருதரம் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவள் கண்டாள். சைக்கிள், சங்கிலி, சிவப்பு அட்டை எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. 'அது நானில்லை, அங்கே நிக்கிறாள் என்ர பிள்ளை' என்று சொல்ல ஒரு விரல் நீட்டினால் போதும். அவர் முன்னால் திரும்பி, பொன்னாடைக்குக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார்.

மண்டபம் கைதட்டியது. ஒலிவாங்கியையும் கொடுத்தார்கள். "அந்தக் காலத்தில நாங்கள் பட்ட கஸ்ரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு கிணறா ஏறி இறங்கினம். இந்தச் சனம் லேசில விட்டுதோ?" என்றார் மனேச்சர். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். படலையில் அவளை மறித்தவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். மகள் செய்தால் என்ன, தகப்பன் செய்தால் என்ன, ஒரு வீட்டு விசயம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது பேராசிரியர் தேநீர் எடுக்க வந்தார். பிரியவதனி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அந்த நீரை அளந்தது நான்." எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! சின்ன வயதிலேயே அப்பாவுக்கு உதவி செய்தீர்களா? எவ்வளவு அருமை!" என்று அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் றஜீபனைப் பார்த்தாள். றஜீபன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, "குடும்பமாச் செய்த வேலை, சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். படகுக்கு நேரமாகிவிட்டது என்று பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் தியாகலிங்கத்தார் பொன்னாடையைக் கழற்றி மகளிடம் நீட்டினார். "அலுமாரியில வை பிள்ளை. பூச்சியுருண்டையும் போட்டு வை."

"அப்பா, சைக்கிளைப் பூட்டினது ஆர்?"

"என்ன சைக்கிள்?"

"உங்களுக்குத் தெரியும்."

"பழசை ஏன் இப்ப கிளறுறாய்? நீ செய்தால் நான் செய்தமாதிரித்தான். நான் இல்லாட்டி நீ ஏது? உன்ர பேரோட நிக்கிறது ஆற்ர பேர்?"

குசினிக்குள் இருந்து இராசமணியின் குரல் வந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எதிர்த்துக் கதைக்காத மனிசி, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்த மனிசன் எங்கட கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ளினதை நான் காணேல்லை."

அவர் கேட்காதவர் போல உள்ளே போய்விட்டார். பிரியவதனி பொன்னாடையை மடித்தாள். கசங்காமல், ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தாள். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது, அதுதான் அவளைப் பிடித்த சனியன்.

கட்டுரையின் பிரதியை மனேச்சர் சட்டம்போட்டு விறாந்தையில் மாட்டினார். தன் பெயர் வரும் இடங்களுக்கெல்லாம் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார். வருகிறவர்களுக்குக் காட்டினார். கனடாவிலிருந்து தேனுஜன் காணொலியில் வந்து, "அப்பா, நீங்கள் இதெல்லாம் செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே" என்றான். அவனுக்கு அவள் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, "விடு அக்கா, வயசான மனிசன், சந்தோசமா இருக்கட்டும்" என்றான். அவள் எப்போது சந்தோசமாக இருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை.

ஆவணி மாதத்துப் போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், றஜீபன் சேரின் அடுத்த கட்டுரை வந்தது. அதே தீவு, அதே கிணறு, வேறு ஆய்விதழ். கூடவே அழைப்பும் வந்தது.

"பிரியவதனி, அந்தப் பழைய தீசிசை இந்தமுறை பட்டியலில இருந்து எடுத்து விடும். அச்சில வராததைக் காட்டுறதிலும் பாக்க அச்சில வந்ததைக் காட்டுறதுதான் முறை. உமக்குத் தெரியாததே? அளவெல்லாம் எங்கட கட்டுரையில வந்திட்டுதுதானே. அந்த இடமெல்லாம் எங்கடையைப் போட்டு விடும்."

தெரியாதது என்ன. இதே விதியை அவள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இனிமேல் அந்தக் கிணறுகளை அளந்தவர் றஜீபனும் பிறரும். அடுத்து எழுதப் போகிறவர்களும் அவர்களைத்தான் காட்டுவார்கள்.

விறாந்தையில் இருந்து வேலையைத் தொடங்கினாள். கட்டுரைக்குள் ஒவ்வொரு தியாகலிங்கமாக எடுத்தாள். கடைசியில் பட்டியலுக்கு வந்து அழிக்கவேண்டிய அந்த வரியைத் தெரிவுசெய்து கறுப்பாக்கியதும், கை அப்படியே நின்றது. சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்த தியாகலிங்கத்தார் விழித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, திருப்பியும் கிணத்துக் கட்டுரையோ? என்ர பேர் வருகுதோ?"

"இல்லையப்பா. எடுக்கச் சொல்லியிருக்கினம்."

"ஆரை?"

"உங்களைத்தான்."

அவர் எழும்பிவிட்டார். வேட்டியை இழுத்துச் செருகினார்.

"ஆர் சொன்னது? ஆரைக் கேட்டு எடுக்கிறாங்கள்? வெயிலுக்கை நடந்து வீடு வீடா ஏறி இறங்கினது ஒரு ஆள், பேர் வேற ஆருக்குமோ? ஒருத்தற்ர பாடு எண்டால் இவங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சுதோ? நீயும் வாயைப் பொத்திக்கொண்டு அழிக்கிறியோ? போடு அந்த றஜீபனுக்கு ஃபோனை. நான் கேக்கிறன்!"

பிரியவதனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் குறையவில்லை. அவள் கேட்டிருக்க வேண்டியது எல்லாவற்றையும், கேட்டிருக்க வேண்டிய அதே கோபத்தோடு, முற்றம் அதிர அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பறிகொடுத்தவர் எப்படிக் கத்துவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பறித்தபோது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

"ஃபோன் போடன் பிள்ளை!"

"விதி அப்பிடியப்பா" என்றாள் அவள். வரியை அழித்தாள். மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டன. இடைவெளி சரியா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, சேருக்கு அனுப்பினாள்.